புவி வெப்பமும் வல்லம் வட்டார மணிலா சாகுபடியும்

ஒரு ஏக்கர் நிலத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. 2024 நவம்பர் 30 ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. அப்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவாயிற்று. அதாவது ஏக்கருக்கு 20 இலட்சம் லிட்டர். நம் மாவட்டத்திற்கு ஓராண்டில் கிடைக்கவேண்டிய மழையில் ஏறத்தாழ பாதி இது. வல்லம் வட்டாரத்துச் செம்மண் நிலம் இதில் எவ்வளவைக் குடிக்க முடியும்? ஊறியது சிறிதே. மிஞ்சியது மேல்மண்ணையும் தழைச்சத்தையும் அரித்துக்கொண்டு ஏரிக்கும், தொண்டியாறு வழியே வீடூர் அணைக்கும் ஓடிற்று.

2011 டிசம்பர் 30 இல் வந்த தானே புயலை மறந்திருக்க மாட்டீர்கள். அது காற்றால் கெடுத்தது. கடலூர்ப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பெஞ்சலோ தண்ணீரால் கெடுத்தது. புயல் நமக்குப் புதிதல்ல. எந்த ஒரு புயலையும் புவி வெப்பத்தால் மட்டுமே வந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. ஆனால் காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கும் நீராவி சுமார் 7 சதம் கூடுகிறது. கடல் சூடேற ஏற, மேலெழும் நீராவியும் மிகுதி. ஆகவே மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பெய்யாதபோது அதே வெப்பம் மண்ணின் ஈரத்தை விரைவில் உறிஞ்சிவிடுகிறது. வெள்ளமும் வறட்சியும் ஒரே காரணத்தின் இரு பக்கங்கள் என்பதை இதனால் உணரலாம்.

வெப்பம் கூடுவதற்குக் காரணம் நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் பெருகும் கரியமில வாயு. ஆலைத்தொழில் பெருகுமுன் பத்து இலட்சம் பங்கு காற்றில் 280 பங்கு இருந்த இவ்வாயு, திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் தி.எம்.வி. 2 மணிலா இரகத்தை வெளியிட்ட 1940 இல் 310 பங்கு அளவில் இருந்தது. இன்று 420 ஐத் தாண்டிவிட்டது. நம் பாட்டனார் கணித்த பட்டங்கள் அந்த நாளையத் தட்பவெப்பத்திற்கு ஏற்றவை. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 முதல் 2018 வரையில் சுமார் 0.7 டிகிரி உயர்ந்துள்ளது. இது அற்பம் போலத் தோன்றும். பயிருக்கு அற்பமல்ல.

மணிலாவை (நம் பக்கம் மல்லாட்டை என்றால்தான் பலருக்கும் விளங்கும்) எடுத்துக்கொள்வோம். மார்கழிப் பட்டத்தில் டிசம்பர் நடுவில் விதைத்தால் ஜனவரி நடுவில் பூத்து, பிப்ரவரியில் விழுது இறங்கி, மார்ச் இறுதியில் அறுவடைக்கு வரும். புயல் மழையால் நிலம் காயாமல் விதைப்பு ஜனவரி கடைசிக்குத் தள்ளிப்போனால், மார்ச், ஏப்ரல் மாதங்களில் விழுது இறங்கவேண்டி வரும். வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் வீரியம் இழக்கிறது. மேல்மண் காய்ந்து இறுகினால் விழுது உள்ளே இறங்காது, இறங்கியதும் பொக்காகும். காய் முற்றும் தருணத்தில் வறட்சியும் மண் சூடும் சேர்ந்தால் பருப்பில் பூசணம் பிடித்து அஃப்லடாக்சின் என்னும் நச்சு உண்டாகிறது. வியாபாரி விலையைக் குறைப்பது ஒருபுறமிருக்க, அந்தப் பிண்ணாக்கைத் தின்னும் மாட்டுக்கும் கேடு. ஆகக் கார்த்திகையில் பெய்த மழை சித்திரை மகசூலைக் குறைக்கிறது. விதைப் பருப்புக்கு வாங்கிய கடனோ குறைவதில்லை.

எனவே சமபாத்தியை விட்டு, இருபுறமும் சால் விட்ட அகலமான மேட்டுப்பாத்தியில் விதையுங்கள். சால் பெருமழையில் வடிகாலாகும், காய்ச்சலில் ஈரம் காக்கும். நிலமும் விரைவில் பதத்துக்கு வரும். 40 முதல் 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பதைத் தவறவிட வேண்டாம். பாசனம் குறைவாக உள்ளவர்கள் கடைசித் தண்ணீரைக் காய் முற்றும் தருணத்திற்கென வைத்துக்கொள்வது நலம்.

நெல்லில் இரவு வெப்பமே பெரிய பகை. பகலில் சேர்த்த மாவுச்சத்தைப் பயிர் இரவில் சுவாசித்துச் செலவிடுகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 2004 இல் வெளியிட்ட ஆய்வில், பயிர்க்காலத்து இரவு வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தபோது மகசூல் 10 சதம் குறைந்ததாகக் கண்டனர். மழைநீர் தேங்கும் பள்ளக்கால் வயல்களுக்கு சி.ஆர். 1009 சப் 1 ஏற்றது. இளம்பயிர் இரண்டு வாரம்வரை மூழ்கினாலும் மீளும். பூக்கும் பருவத்தில் மூழ்கினால் இந்த இரகமும் தப்பாது. தண்ணீர் வடிந்தபின் தூர் கட்டும் பயிருக்கு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு ஆகியவற்றை ஓரிரவு கலந்து வைத்து, 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடலாம்.

நீர் தேங்கிய நெல்வயலிலிருந்து மீத்தேன் வாயு வெளிவருகிறது. அதுவும் புவியைச் சூடாக்குவதே. உலகின் பெரிய ஆலைகளும் வாகனங்களும் செய்த வினைக்கு வல்லத்து உழவரைக் குறைசொல்வது நியாயமன்று என்பது என் கருத்து. ஆயினும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது மீத்தேனைக் குறைப்பதோடு, மோட்டார் ஓடும் நேரத்தையும் கிணற்று நீரையும் மிச்சப்படுத்துகிறது. துளையிட்ட குழாயை வயலில் பதித்து, மண்மட்டத்திற்குக் கீழே 15 செ.மீ. நீர் இறங்கியபின் பாய்ச்சினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் வயல் காயக்கூடாது.

களையெடுப்பு போன்ற வேலைகளைக் கோடையில் விடியற்காலையிலேயே தொடங்கி, உச்சி வெயிலுக்குமுன் ஆட்களைக் கரையேற்றிவிடுங்கள். பயிர்க்காப்பீட்டில் சம்பா நெல்லுக்கும் அப்பருவ மணிலாவுக்கும் உழவர் செலுத்தும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதம். கடைசி வாரக் கூட்டத்தில் நிற்காமல், விதைத்தவுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பெற்றுப் பதிவு செய்துவிடுங்கள்; இரசீதில் சர்வே எண்ணும் பயிரின் பெயரும் சரியாக உள்ளனவா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.