கடலுக்கு அப்பால் நிலம் நடுங்கினால்: உற்றாரைத் தேடுவோர் அறிய வேண்டியவை

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி, மார்கழித் திருவாதிரையை ஒட்டிய பௌர்ணமி நாளாக அமைந்த அந்த ஞாயிற்றுக்கிழமையன்று, காலை ஆறரை மணி அளவில் சுமத்ராவுக்கு மேற்கே கடற்படுகை 9.1 அளவிலான பூகம்பத்தால் பெயர்ந்தெழுந்த செய்தி, தேவனாம்பட்டினத்து மீனவருக்கோ, சிதம்பரத்தில் நடராஜப் பெருமானைத் தரிசிக்கத் திரண்டிருந்த யாத்திரிகருக்கோ, அவர்களைக் காக்கும் கடமை பூண்ட உத்தியோகஸ்தருக்கோ எட்டவில்லை. அலைகள் நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட அவகாசம் இருந்தும், அதைச் சொல்லி எச்சரிக்க ஒரு ஸ்தாபனம் அந்நாளில் இந்துமாக்கடலுக்கு இல்லாமையால், தேவனாம்பட்டினத்திலும், சோதிக்குப்பத்திலும், சாமியார்பேட்டையிலும், கிள்ளைக்குக் கிழக்கே மணல்திட்டில் அமைந்திருந்த எம்.ஜி.ஆர். திட்டிலுமாகக் கடலூர் மாவட்டம் 600-க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது.

மாண்டவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். தேடியவர்களைப் பற்றி எழுதியது குறைவு. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்த்த பரங்கிப்பேட்டைக்காரர்கள் ஊரில் உள்ள தாய் தந்தையரின் க்ஷேமத்தை அறியத் தவித்தார்கள்; அந்தமானில் குடியேறிய தமிழர்களின் பந்துக்களோ, அங்குள்ள தொடர்புகள் அறுந்துபோன நிலையில், இங்கிருந்து தவித்தார்கள். சுனாமி ஒரு கரையைத் தாக்கினால் துயரம் இரு கரைகளிலும் நிகழ்கிறது. ஆகவே, உற்றார் உயிருடன் இருக்கிறாரா என்ற கேள்விக்கு விடை பெறுவது மனத்தின் ஆறுதலுக்கான காரியம் மாத்திரமன்று; நிவாரணம், இறப்புச் சான்றிதழ், வாரிசுரிமை, அநாதையான குழந்தையின் பாதுகாப்பு ஆகிய அனைத்துக்கும் அந்த விடையே ஆதாரம் என்பதால், அது குடிமக்களுக்குரிய உரிமையாகவும் அரசுக்குரிய கடமையாகவும் கருதப்பட வேண்டும் என்பதே என் துணிபு.

முதலில், நம்பத்தக்க செய்தி எங்கிருந்து வரும் என்பதைத் தெரிந்துகொள்வோம். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் 2007-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் சுனாமி முன்னெச்சரிக்கையை நடத்தி வருகிறது. நில அதிர்வுப் பதிவுகள், ஆழ்கடலின் அடியில் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகள், துறைமுகங்களில் உள்ள அலைமானிகள் ஆகியவற்றைக் கொண்டு, பெரும் பூகம்பம் நிகழ்ந்த சில நிமிஷங்களுக்குள்ளேயே அது முதல் அறிக்கையை வெளியிடுகிறது. 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் ருஷியாவின் கம்சாத்கா கரையில் 8.8 அளவிலான பூகம்பம் ஏற்பட்டபோது, இந்தியக் கரைக்கு ஆபத்தில்லை என்று அறிவித்ததும் அம்மையமே. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' செயலியையும், தமிழக அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியையும் கைப்பேசியில் வைத்துக்கொண்டால் அரசின் எச்சரிக்கைகள் நேராகவே வந்துசேரும்.

அரசு சொல்வதையே நம்ப வேண்டும் என்று சொல்லும்போது ஒன்றை மறைக்கலாகாது. 2004 டிசம்பர் 30-ஆம் தேதி மத்திய உள்துறையிடமிருந்தே வந்த தவறான எச்சரிக்கையால், இழவு வீடுகளாகவே இருந்த கடலோரக் கிராமங்களின் மக்கள் மறுபடியும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். முறையான எச்சரிக்கை மையம் வேண்டும் என்பதற்கு அதைவிட வலுவான நியாயம் வேறில்லை. இப்போது பொய்யான எச்சரிக்கையைப் பரப்பிப் பீதியை உண்டாக்குவோருக்கு, 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ அபராதமோ விதிக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவை உறவினர் குழுவுக்கு அனுப்பும்முன் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை உண்மையானால், கடற்கரைக்குப் போய்த் தேடுவது கூடவே கூடாது. சுனாமி ஓர் அலையோடு முடிவதன்று. பின்வரும் அலைகள் முதல் அலையைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். ஆபத்து பல மணி நேரம் நீடிக்கும். கட்டுமரமும் விசைப்படகுமாகக் கடலுக்குள் சென்றவர்களை எண்ணிக் கரையில் நின்று கதறும் குடும்பங்கள், ஆழ்கடலில் சுனாமி அலை மிகச் சிறிய ஏற்றமாகவே கடந்துபோகிறது என்பதையும், ஆழக்கடலில் இருப்பவர் அங்கேயே இருப்பதுதான் க்ஷேமம் என்பதையும், அவசரப்பட்டுக் கரை திரும்புவதே அபாயம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கடலில் உள்ளவருக்கு வி.எச்.எப். கருவி மூலம் சொல்ல வேண்டிய செய்தியும் அதுவே. கடலில் ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண் உண்டு.

2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி பிற்பகலில் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவிலான பூகம்பம் நிகழ்ந்து தமிழகக் கரையோரம் எச்சரிக்கப்பட்டபோது, நிலம் பக்கவாட்டில் நழுவியதால் பேரலை எழவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே சமயத்தில் எல்லோரையும் அழைத்ததால் கைப்பேசி இணைப்புகள் திணறின. அன்றைய படிப்பினை எளிதானது. பேசுவதற்குத் தேவைப்படும் அலைவரிசை இல்லாதபோதும் குறுஞ்செய்தி வரிசையில் காத்திருந்து போய்ச்சேரும். ஆகவே 'நலம், சிதம்பரத்தில் இருக்கிறோம்' என்ற அளவில் ஒரு வரி அனுப்பினால் போதும். குடும்பத்தார் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரையும் அழைப்பதற்குப் பதிலாக, கரையிலிருந்து விலகிய ஊரில், விருத்தாசலத்திலோ திருச்சியிலோ உள்ள ஒரு சித்தப்பாவையோ அத்தையையோ பொதுத் தொடர்பாளராக முன்பே நியமித்துக்கொண்டு, எல்லோரும் அவருக்கே தகவல் சொல்வது என்று வைத்துக்கொண்டால், பாதித் தவிப்பு நீங்கும்.

அப்படியும் தகவல் கிட்டாதபோதுதான் உரிமைகளைப் பற்றிய பேச்சு எழுகிறது. இந்திய மண்ணில் காணாமற்போனவரைப் பற்றி மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணிலும், மாநிலத்தின் 1070 என்ற எண்ணிலும் சொல்லலாம். எனினும் வாய்ச்சொல்லோடு நிற்கலாகாது. காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, அதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பி, தபால் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். வெளிநாட்டில் உள்ளவரானால் அந்நாட்டு இந்தியத் தூதரகம், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளம், தமிழக அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகம் ஆகிய மூன்றிடத்திலும் கடவுச்சீட்டு எண்ணுடன் மனுச் செய்ய வேண்டும். செஞ்சிலுவைச் சங்கமும் பிரிந்த குடும்பங்களைத் தேடி இணைக்கும் பணியை நெடுங்காலமாகச் செய்து வருகிறது. இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து போன்ற நாடுகளுக்குக் குடியேற்ற அனுமதி பெற்றுச் செல்லும் தொழிலாளருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற கட்டாயக் காப்பீடு உண்டு. விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கும் அந்தப் பத்திரத்தின் பிரதி, பயணம் போனவரின் பெட்டியில் மட்டுமல்லாமல் வீட்டிலும் இருக்க வேண்டும்.

மிகக் கொடியது உடல் கிடைக்காத நிலை. ஏழாண்டுகள் தகவலின்றி இருந்தவரையே இறந்தவராக அனுமானிக்கலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவும், அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 111-ஆம் பிரிவும் வகுத்த விதி. கணவனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு ஸ்திரீ, உதவித்தொகைக்கும் வங்கிக் கணக்குக்கும் ஏழாண்டுகள் காத்திருப்பது அநீதியின் உச்சம். அதனால்தான் 2004 சுனாமிக்குப் பிறகும், 2013 உத்தரகாண்ட் வெள்ளத்துக்குப் பிறகும், விசாரணை நடத்தி விரைவாகவே இறப்புச் சான்றிதழ் வழங்கும் விசேஷ நடைமுறையை அரசு கையாண்டது. இனியும் கேட்டுப் பெறத்தக்க முன்மாதிரி அது. ஆனால் அவ்விசாரணைக்கு அடித்தளம் நாம் கொடுத்த புகாரே. புகார் இல்லாத வீட்டுக்கு விசாரணை வருவதில்லை.

உடல்கள் கிடைத்தபோது அவசர அவசரமாகக் குழிகளில் ஒன்றாகப் புதைத்த காட்சிகளை அன்று கண்டோம். கொள்ளைநோய் வரும் என்ற பயமே அதற்குக் காரணம். இயற்கைச் சீற்றத்தில் இறந்தவரின் உடல்களால் பெருநோய் பரவும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆதலால் புகைப்படம், அங்க அடையாளம், மரபணு மாதிரி ஆகியவற்றைப் பதிவு செய்த பின்னரே அடக்கம் செய்யுமாறு உறவினர் வற்புறுத்தலாம், வற்புறுத்தவும் வேண்டும். தாய்லாந்தில் பல்வரிசைப் பதிவும் கைரேகையும் மரபணுவும் கொண்டு எத்தனையோ பேரை அடையாளம் கண்டார்கள்.

பெற்றோரைப் பிரிந்து தனித்து நிற்கும் குழந்தையைக் கண்டால், கருணையினால்கூட வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாகாது. 1098 என்ற எண்ணுக்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டம். தேடும் தாய் அக்குழந்தையைக் கண்டடைய வேறு வழியில்லை. தேடுவோரின் தவிப்பைச் சுரண்டுவோரும் உண்டு. 'உங்கள் மகன் இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பணம் அனுப்புங்கள்' என்று அறியாத எண்ணிலிருந்து அழைப்பவன் வஞ்சகனாக இருக்கலாம். பணம் அனுப்பிவிட்டவர் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.

மாநிலப் பேரிடர் நிதி விதிகளின்படி உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் தனி ஏற்பாடு வேண்டும் என்பதைப் பேரிடர் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. இவை மறுக்கப்பட்டால் கடலூர் ஆட்சியரகத்தில் திங்கட்கிழமை தோறும் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு அளித்து ரசீது பெறலாம். அதற்கும் பயனில்லையேல் நீதிமன்றம் இருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று எவரும் மலைக்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பேரழிவுக்கும் பூகம்பத்துக்கும் ஆளானவர்களை இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்களாக வெளிப்படையாகவே பெயர் சொல்லிக் குறிக்கிறது. 15100 என்ற எண்ணில் அதைக் கேட்கலாம்.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் அயலூரிலோ தீவிலோ கடலிலோ உறவினர் உள்ள ஒவ்வொரு குடும்பத்தாரும், அவர்களுடைய சமீபத்திய புகைப்படம், கடவுச்சீட்டு எண், வேலை செய்யும் இடத்தின் விலாசம், படகின் பதிவு எண், அங்க அடையாளம், பொதுத் தொடர்பாளரின் எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, ஒரு பிரதியைக் கரையிலிருந்து விலகியுள்ள உறவினர் வீட்டில் இந்த வாரமே கொடுத்து வைக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.