மறைத்த கஷாயமும் மஞ்சள் விழிகளும்

பௌர்ணமி இரவுகளில் அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்துவரும் மக்கள் வெள்ளத்தைத் திருவண்ணாமலையில் வாழும் நாம் ஆண்டாண்டாகக் கண்டு பழகியவர்கள். அந்தப் பாதை 2020 மார்ச் முதல் ஏறக்குறைய ஈராண்டுக் காலம் பௌர்ணமிதோறும் வெறிச்சோடிக் கிடந்தது. அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள் மலையுச்சியில் கார்த்திகைத் தீபம் ஏற்றப்பட்டபோது வெளியூர் மக்கள் வர அனுமதி இல்லை. நம் ஆலயக் கதவுகளும் அடைபட்டிருந்தன; அவ்வாண்டின் உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியை மக்களின்றியே நிறைவேற்றினோம்.

கொள்ளைநோய் கடந்து சென்றுவிட்டது. ஆயினும் அது கற்பித்த பாடங்களுள் ஒன்றை நம் குடும்பங்கள் இன்னும் சரியாகக் கற்கவில்லை என்றே அஞ்சுகிறோம். அதனை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

2021ஆம் ஆண்டு மே மாதம். இரண்டாம் அலை வீசிக்கொண்டிருந்த வேளையில் நம் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஒரு வாரத்தில் மூச்சு சீரடைந்தது. இல்லத்தார் மகிழ்ந்திருந்த அந்நேரத்தில் அவர் விழிகள் மஞ்சளாயின. இரத்தத்தைச் சோதித்தபோது கல்லீரலின் நிலையைக் காட்டும் அளவுகள் பன்மடங்கு உயர்ந்திருந்தன. "வீட்டில் வேறு ஏதேனும் மருந்து கொடுத்தீர்களா?" என்று மருத்துவர் வினவினார். "ஒன்றுமில்லை, டாக்டர்" என்றார் மனைவி.

அன்றிரவு அந்த அம்மையார் தொலைபேசியில் நம்மிடம் அழுதார்: "சாமி, எட்டு மாதமாய் அவருக்குத் தினமும் சீந்தில் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். சொன்னால் திட்டுவார்களே என்று மறைத்துவிட்டேன். நீங்களும் அது நல்லது என்றுதானே சொன்னீர்கள்?"

ஆம், நாமும் சொல்லியிருந்தோம். எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு ஆகாது என்பதை அறியாமலே ஆலய முற்றத்தில் நின்று பலருக்கும் பரிந்துரைத்திருந்தோம். "இந்தக் கணமே மருத்துவரிடம் சொல்லுங்கள் அம்மா, தவறு நம்முடையது என்றும் சொல்லுங்கள்" என்றோம்.

நுரையீரல் நோயில் ஈரலுக்கு என்ன வேலை?

கொரோனா மூச்சுறுப்புகளைத் தாக்கும் நோய் என்றே நாம் அறிந்திருந்தோம். எனினும் தொடக்க நாட்களிலேயே மருத்துவர்கள் வேறொன்றையும் கண்டனர். சீனாவின் ஊகான் நகரில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதல் 99 நோயாளிகளைப் பற்றிய அறிக்கை 2020 தொடக்கத்தில் வெளிவந்தது. அவர்களுள் 43 பேரிடம் கல்லீரல் சோதனைகள் ஏதோ ஓரளவில் பிறழ்ந்திருந்தன. பிற நாடுகளிலும் இதுவே காணப்பட்டது.

நம் உடலின் உள்ளுறுப்புகளுள் மிகப் பெரியது கல்லீரல். வளர்ந்தவருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. உண்ட உணவின் சத்தைப் பக்குவப்படுத்துவதும், பித்தநீரைச் சுரப்பதும், நஞ்சையும் மருந்தையும் சிதைத்து வெளியேற்றுவதும் அதன் பணிகள். அதன் உயிரணுக்கள் காயமுறும்போது அவற்றினுள் இருக்கும் நொதிகள் இரத்தத்தில் கசிகின்றன. சோதனைச் சீட்டில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று குறிக்கப்படுபவை அவையே.

கொரோனாவில் அவை உயர்வதற்குக் காரணம் ஒன்றன்று. கிருமி உடலுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாயில்கள் பித்தநாள உயிரணுக்களிலும் உள்ளன. நுரையீரல் தளர்ந்து பிராணவாயு குறையும்போது ஈரலும் வாடுகிறது. கிருமியை எதிர்க்க எழும் உடலின் அழற்சி, அளவு மீறிப் போகையில் தன் உறுப்புகளையே சுடுகிறது. பெரும்பாலோருக்கு இவ்வுயர்வு சிறிதாக இருந்து, நோய் தணியத் தானும் தணிந்தது. கடும் நோயுற்றவரிடமே அது மிகுதியாகக் காணப்பட்டது. நெடுநாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்த வெகுசிலருக்கு மட்டும் பித்தநாளங்கள் நிலையாகச் சிதைந்து, ஈரல் மாற்று அறுவை வரை செல்ல நேர்ந்தது.

மருந்தும் சுமையாகும்

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், கிருமிக்கு ரெம்டெசிவிர், அழற்சிக்கு டெக்சாமெத்தசோன், இவற்றோடு பலவகை மாத்திரைகள் என்று நோயாளிக்குப் பல மருந்துகள் ஒருசேர வழங்கப்பட்டன. மருந்துகள் பலவற்றைச் சிதைக்கும் வேலை ஈரலுக்கே உரியது. ஆகவேதான் ரெம்டெசிவிர் தொடங்குமுன்னும் தொடரும்போதும் ஈரல் சோதனை செய்யப்பட்டது. மஞ்சள் காமாலை 'பி' வகைக் கிருமி உடலில் உறங்கிக் கிடப்பவருக்கு டெக்சாமெத்தசோன் போன்ற மருந்துகள் அதனைத் தட்டியெழுப்பக்கூடும் என்பதும் மருத்துவர் கருத்திற்கொள்ள வேண்டியதாயிற்று.

நமக்கு மிகப் பழகிய பாரசிட்டமாலும் அளவு மீறினால் ஈரலைக் கொல்லும். உடல்நலமுள்ள வளர்ந்தவருக்கே ஒரு நாளில் 4 கிராம் என்பது எல்லை. 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு விழுங்கினால் அவ்வெல்லையைத் தொட்டுவிடுகிறோம். சளி மருந்துகள் பலவற்றிலும் அது கலந்திருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மது அருந்துவோரும் ஈரல் நோயாளிகளும் இன்னும் குறைவாகவே கொள்ளவேண்டும்.

சீந்தில் கொடி

நம் ஊர் சித்தர் மரபில் தோய்ந்த ஊர். சவ்வாது மலையின் மூலிகைகள் நமக்கு அந்நியமல்ல. நாட்டு மருத்துவத்தை இகழ்வது நம் நோக்கமன்று. 2020 ஏப்ரலில் தமிழக அரசே கபசுரக் குடிநீரை மக்களுக்கு வழங்கியது. அதன் பதினைந்து சரக்குகளுள் சீந்திலும் ஒன்று. வடநாட்டில் 'கிலோய்' எனப்படும் இக்கொடியை நோய் எதிர்ப்பு ஆற்றலுக்கென மக்கள் அவ்வாண்டு பெருமளவில் நாடினர். மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் வழிமுறைகளிலும் அது இடம்பெற்றிருந்தது.

இந்நிலையில், 2020 செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில், சீந்தில் உட்கொண்டபின் ஈரல் அழற்சியுற்ற ஆறு நோயாளிகளை மும்பை மருத்துவர்கள் கண்டனர். அவர்தம் அறிக்கை 2021இல் வெளிவந்தது. ஆயுஷ் அமைச்சகம் அதனை ஏற்கவில்லை. சீந்திலைப்போன்றே தோன்றும் வேறு கொடியை அவர்கள் உண்டிருக்கலாம் என்றும், உண்டது எது என்று ஆராயாமல் பழி சுமத்தலாகாது என்றும் மறுத்துரைத்தது. 2022இல் இந்தியாவின் 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 நோயாளிகளைப் பற்றிய விரிவான ஆய்வு வந்தது. உடலின் காப்பாற்றல் தன் ஈரலையே பகைக்கும் வகையான அழற்சி இவர்களிடம் காணப்பட்டது. முன்பே அத்தகைய சாய்வு உள்ளவருக்கு, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மூலிகை தீங்காக முடியலாம் என்பது மருத்துவர்தம் கருத்து.

சீந்தில் குடித்த பல்லாயிரவருள் நோயுற்றோர் சிலரே. அந்தச் சிலருள் நம் வீட்டார் இருக்கமாட்டார் என்று யார் உறுதி கூறுவார்? கஷாயம் தீதென்று யாம் சொல்லவில்லை. கணக்கின்றிக் குடிப்பதும், குடித்ததை மறைப்பதுமே தீது என்கிறோம்.

முன்பே புண்பட்ட ஈரல்

ஆசியாவின் 13 நாடுகளில், முன்பே ஈரல் நோயுற்றிருந்து கொரோனாவும் கண்ட 228 பேரை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டனர். ஈரல் சுருங்கிய நிலையில் இருந்தவருள் ஐவரில் ஒருவருக்கு இந்நோய் ஈரல் செயலிழப்பையோ கடும் நலிவையோ கொணர்ந்தது. புண்பட்ட ஈரலுக்குத் தாங்கும் வலிமை இல்லை.

ஈரலைப் புண்படுத்துவன எவை? மது முதன்மையானது. 2020 மார்ச் இறுதியில் மூடப்பட்ட மதுக்கடைகள் மே 7ஆம் நாள் திறந்தபோது நின்ற வரிசைகளை நாம் மறக்கவில்லை. அவற்றில் நம் பங்கு மக்களும் நின்றனர். அடுத்து, நீரிழிவும் உடற்பருமனும் கொணரும் ஈரல் கொழுப்பு. மது தொடாதவரையும் இது விடுவதில்லை. மூன்றாவது, 'பி' வகைக் காமாலைக் கிருமி. பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதால் இதனைத் தடுக்கலாம்.

குடும்பங்கள் செய்யவேண்டியவை

மருத்துவமனைக்குச் செல்லும்போது, உண்ட மாத்திரை, சூரணம், கஷாயம் யாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மது அருந்துவோர் அதனையும் கூசாமல் கூறுக. மருத்துவர் திட்டினால் திட்டட்டும். அந்தச் சொல் காதோடு போகும், மறைத்த மருந்தோ ஈரலோடு போகும். கண் மஞ்சளித்தாலும், சிறுநீர் கருமஞ்சளாயினும், தொடர்ந்து குமட்டினாலும் காலந்தாழ்த்தாது சோதித்துக்கொள்ளுங்கள். நெடுநாள் மூலிகை உண்ண விரும்புவோர், தகுதிபெற்ற சித்த மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே உண்ணுங்கள்.

நம் நண்பருக்கு நேர்ந்தது என்ன? உண்மை தெரிந்ததும் மருத்துவர் திட்டவில்லை. கஷாயத்தை நிறுத்தினார், கொடுத்துவந்த மருந்துகளிலும் சிலவற்றைக் குறைத்தார். கிருமியா, மருந்தா, மூலிகையா, எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல இயலாது என்றார். ஈரலுக்கு இறைவன் அளித்த தனிச்சிறப்பு, காயமுற்றாலும் மீண்டும் வளரும் ஆற்றல். சில வாரங்களில் விழிகள் வெளுத்தன. அவர் இல்லம் திரும்பினார்.

அவர் வீட்டு அலமாரியில் இன்று ஒரு சிறு குறிப்பேடு இருக்கிறது. தலைவலி மாத்திரை முதல் சுக்குக் கஷாயம் வரை அதில் நாளிட்டு எழுதுகிறார் அந்த அம்மையார். நாமும் ஒன்று வைத்திருக்கிறோம். அறியாததை அறிவுரையாக வழங்குவதில்லை என்பது அதன் முதல் பக்கத்தில் நமக்கு நாமே எழுதிக்கொண்ட வரி. உங்கள் இல்லத்திலும் அத்தகைய குறிப்பேடு ஒன்று இன்றே தொடங்கட்டும்.