மலைப்பாதை லொறியும் மழைச் செய்தியும்

ஹட்டன், நுவரெலியா பகுதிகளில் வியாபாரம் செய்யும் நமக்கு சரக்கு, விலை, கடன் என்ற மூன்று கணக்குகளோடு நான்காவதாகப் பாதைக் கணக்கொன்றும் உண்டு. கரட்டும் லீக்ஸும் ஏற்றிய லொறி றம்பொடையிலோ கினிகத்தேனையிலோ ஒரு நாள் நின்றுவிட்டால் அந்தப் பயணத்தின் இலாபம் அழுகிப் போகும்.

அமெரிக்காவில் எக்ஸ்.எம். நிறுவனம் 2004ஆம் ஆண்டிலேயே செய்மதி வானொலி மூலம் வாகன நெரிசல், வானிலைத் தகவல்களைச் சாரதிகளுக்கு வழங்கத் தொடங்கியது. நமது பக்கத்திலும் 2000ஆம் ஆண்டு ஏவப்பட்ட ஆசியாஸ்டார் செய்மதி வழியாக வேர்ல்ட்ஸ்பேஸ் வானொலி ஒலித்தது. மலைக்குப் பின்னால் பண்பலை மறைவதுபோல, உயரத்திலிருந்து வரும் செய்மதி அலை எளிதில் மறைவதில்லை. ஆனால் அதில் நமக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பாட்டும் செய்தியுமே. அந்நிறுவனமும் 2008இல் வங்குரோத்தாகி, 2009 இறுதியில் இந்தியச் சேவையை நிறுத்தியது.

ஆகவே, நமது சாரதிக்குத் துணை சாதாரண வானொலியும் கைத்தொலைபேசியும்தான். பள்ளத்தாக்குகளில் இரண்டுமே கைவிடக்கூடும். எனவே புறப்படும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகள் மூன்று நிறங்களில் வருகின்றன. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு என்பது பொதுவான அளவு. இது குடியிருப்பாளர்களுக்கான எச்சரிக்கைதான். ஆனாலும் சரிவுக்கு ஓரமாகச் செல்லும் லொறிக்கும் அதே மண்தான். 2025 நவம்பர் 22 அன்று பஹல கடுகண்ணாவையில் வீதியோரக் கடை மீது மண்ணும் பாறையும் சரிந்து ஆறு பேர் உயிரிழந்தனர். ஒரு வாரத்துக்குள் வந்த டித்வா புயல் மலையகப் பாதைகள் பலவற்றைத் துண்டித்தது.

மழைக்காலத்தில் நான் மூன்று அழைப்புகள் எடுக்காமல் லொறியை அனுப்புவதில்லை. முதலாவது, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. இரண்டாவது, புசல்லாவையிலோ கினிகத்தேனையிலோ உள்ள தெரிந்த கடைக்காரருக்கு. மூன்றாவது, சரக்கு வாங்குபவருக்கு: "பிந்தலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாதையில் நிற்பதா, போவதா என்பதைச் சாரதியே தீர்மானிக்கட்டும். ஆனால் ஓடினால்தான் கூலி என்று வைத்துவிட்டு அந்த உரிமையைக் கொடுப்பதில் பயனில்லை. பிள்ளைகளின் சாப்பாட்டை நினைத்து அவர் போகத்தான் பார்ப்பார். நின்ற நாளுக்கும் கூலி கொடுங்கள். ஒரு லொறியையும் ஒரு மனிதரையும் இழப்பதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய செலவு.