ஊசி முனையில் ஓர் உயிர்

கல்யாணமாகி நாலைந்து வருடமாகியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை என்றால், ஜாசின் தோட்டமானாலும் மலாக்கா பட்டணமானாலும் கேள்வி முதலில் மருமகளைத்தான் குறிவைக்கும். விரதமும் நாட்டு மருந்தும் அவளுக்கே. ஆனால், குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் குறையும் காரணமாக இருக்கிறது. விந்தணு குறைவாக இருக்கலாம். நீந்தும் வலு இல்லாமலும் போகலாம்.

இப்படிப்பட்டவர்களுக்கு 1992-இல் ஒரு வழி பிறந்தது. ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்திக் கருத்தரிக்க வைத்ததை, பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் ஜியான்பியெரோ பலெர்மோ குழுவினர் அந்த ஆண்டு அறிவித்தனர். 'இக்சி' எனப்படும் இச்சிகிச்சை இன்று மலேசியாவிலும் கிடைக்கிறது.

"அப்படியென்றால் மிஷின்தான் பிள்ளையை உண்டாக்குகிறதா?" என்று பலர் அஞ்சுகிறார்கள். இல்லை. மிஷின் ஊசியைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

எப்படி இயங்குகிறது?

கருமுட்டையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்கு. விந்தணுவின் தலை அதிலும் இருபதில் ஒரு பங்கு. மரத்தில் காயம்படாமல் பட்டையைச் சீவும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு ஒரு மில்லிமீட்டரின் அருமை தெரியும். இங்கே அதைவிடப் பன்மடங்கு நுணுக்கம் வேண்டும். எந்தக் கையும் நடுங்கிவிடும்.

அதற்காகத்தான் மைக்ரோமேனிபுலேட்டர். நுண்ணோக்கியின் இருபுறமும் இரண்டு கைகள் இருக்கும். ஒன்று கண்ணாடிக் குழாயால் மெல்ல உறிஞ்சி முட்டையை அசையாமல் பிடிக்கும். மற்றொன்றில் ஊசி. வீடியோ கேமில் இருப்பது போன்ற ஜாய்ஸ்டிக்கை நிபுணர் அசைத்தால், சிறு மோட்டார்கள் திருகைச் சுழற்றி, கையின் பெரிய அசைவை ஊசி முனையின் மிகச் சிறிய அசைவாக மாற்றும். எந்த விந்தணுவை எடுப்பது, முட்டையின் எந்தப் பக்கம் குத்துவது என்ற முடிவெல்லாம் நிபுணருடையது.

கவனம் எங்கே தேவை?

அதிர்வு இதற்கு முதல் எதிரி. கதவை ஓங்கிச் சாத்தினாலே ஊசி முனை ஆடும். ஆகவே அதிர்வு தாங்கும் மேசை அவசியம்.

சில கருவிகள் சுவிட்சைப் போட்டதும் தாமாகவே தொடக்க நிலைக்கு நகரும். அப்போது கையை அருகில் கொண்டுபோகக் கூடாது. ஊசியை அதற்குப் பிறகுதான் மாட்ட வேண்டும்.

லென்சையோ தட்டையோ மாற்றுமுன் ஊசியை மேலே தூக்கிவிட வேண்டும். மறந்தால் ஊசி உடையும், முட்டையும் வீணாகலாம். அது ஒரு தம்பதியர் மாதக்கணக்கில் காத்திருந்த முட்டை.

தலைமுடியைவிட மெல்லிய அந்தக் கண்ணாடி முனை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தோலில் ஏறினால் உடைந்து உள்ளேயே தங்கக்கூடும். பயன்படுத்தியதைக் கூர்பொருள் பெட்டியில்தான் போட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தட்டில் உள்ள பெயரை இருவர் சரிபார்க்க வேண்டும். பெயர் மாறிவிட்டால் எந்த மோட்டாராலும் திருத்த முடியாது.

தம்பதியர் செய்ய வேண்டியது

இக்சி பலிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, செலவும் அதிகம். ஊழியர் சேமநிதியின் மருத்துவ மீட்புத் திட்டத்தில் கருத்தரிப்புச் சிகிச்சையும் அடங்கும் என்பதை அறிந்துகொள்ளலாம். பரிசோதனைக் கூடத்தில் பெயரை யார், எத்தனை முறை சரிபார்க்கிறார்கள் என்று தயங்காமல் கேட்கலாம்.

அதற்கெல்லாம் முன்பு, கணவரும் மனைவியோடு சேர்ந்து பரிசோதனைக்குப் போக வேண்டும். விந்துப் பரிசோதனை எளிது, வலியில்லை. அந்த ஒரு சோதனை, மருமகள் வருடக்கணக்கில் சுமந்த பழியை இறக்கி வைக்கக்கூடும்.