பலகையில் ஏறிய மாரிகுப்பம் பாதை

கோலார் தங்கவயலில் பல இல்லங்களுக்கு ரயில்தான் கடிகாரம். விடியுமுன் மாரிகுப்பத்தினின்று புறப்படும் வண்டியின் ஓசை கேட்டு அடுப்பு மூட்டும் தாய்மார்கள் நம் தெருவிலேயே உண்டு. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபின், ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் சென்று இரவில் திரும்பும் உழைப்பாளிகளுக்கு இந்தப் பாதையே படியளந்து வருகிறது.

அந்தப் பாதையை நம் வீட்டுக் கூடத்தில், பன்னிரண்டு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள பலகையின்மீது அமைக்க முற்பட்ட வரலாற்றைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். பொம்மைக் கடையொன்றில் அயல்நாட்டு ரயில்களைக் கண்ட நம் மைந்தன், “ஏம்ப்பா, நம்ம வண்டி மட்டும் இல்லையே?” என்று கேட்டதுதான் தொடக்கம். ரயில்வே குமாஸ்தாவுக்கு இதைவிடச் சங்கடமான கேள்வி ஏது?

முதலில் வந்தது அளவுச் சிக்கல். உலகச் சந்தையில் மிகுதியாகக் கிடைக்கும் மாதிரி ரயில்கள் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவினவை. அவற்றின் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இது மேனாட்டுப் பாதையின் 1,435 மில்லிமீட்டரைச் சுருக்கிப் பெற்ற கணக்கு. நம் நாட்டு அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். ஆகவே அந்தத் தண்டவாளத்தில் நம் பெட்டியை எண்பத்தேழில் ஒன்றாகச் செய்து வைத்தால், தடித்த மனிதர் குழந்தையின் நாற்காலியில் அமர்ந்ததுபோல் தோன்றும். தாளும் பென்சிலுமாக இரண்டு இரவுகள் விழித்தபின் ஒரு வழி தெரிந்தது. அளவை நூற்றில் ஒன்றாகக் கொண்டால் நம் பாதை 16.76 மில்லிமீட்டர் ஆகிறது. கடையில் கிடைக்கும் தண்டவாளத்துக்கும் இதற்கும் கால் மில்லிமீட்டர்தான் வேறுபாடு! ஓடும் இயந்திர அடிப்பாகத்தை மட்டும் விலைக்கு வாங்கி, மேலுடலை அட்டையால் நாமே செய்துகொண்டோம். பெரம்பூர்த் தொழிற்சாலையின் பெட்டி 21 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடையது. நம் பலகையில் அது 21 சென்டிமீட்டர். கணக்குப் போடுவதற்கு நூற்றைப்போல் இனிய எண் பிறிதில்லை.

அடுத்தது தூரம். பங்காரப்பேட்டையினின்று மாரிகுப்பம் வரை ஏறக்குறைய 16 கிலோமீட்டர். நூற்றில் ஒன்றாயினும் 160 மீட்டர்; நம் கூடத்தையும் தாண்டி, அடுத்த தெருவுக்குச் செல்லவேண்டும். ஆகவே நிலையங்களைக் காப்பாற்றி, இடைவெளிகளைக் கத்தரித்தோம். பங்காரப்பேட்டை, கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் ஆகியவை போதுமென்று முடிவு செய்தோம். வண்டிக்கு நான்கே பெட்டிகள். பொம்மை ரயில்கள் பெரும்பாலும் வட்டத்தில் சுற்றுவன. நம் பாதையோ மாரிகுப்பத்தில் முடிந்துவிடுவது. வந்த இயந்திரம் கழன்று, பக்கப் பாதை வழியே சுற்றிப்போய், மறுமுனையில் மாட்டிக்கொள்ள வேண்டும். இதற்கு இரண்டு பாயின்ட்டுகள் தேவைப்பட்டன. வட்டமாகப் போட்டால் செலவு குறையும் என்றனர் நண்பர்கள். வட்டத்தில் ஓடினால் அது தங்கவயல் வண்டி ஆகுமா?

பங்காரப்பேட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. மைசூர்க் கமிஷனராயிருந்த பௌரிங் துரையின் பெயரால் அது முன்னர் பௌரிங்பேட்டை எனப்பட்டது. அங்கிருந்து வயலுக்கு அகலப் பாதை மைசூர் சமஸ்தானத்தாரால் 1894-இல் திறக்கப்பட்டது. கோலார் நகருக்கோ 1913-இல் 762 மில்லிமீட்டர்க் குறும்பாதை வந்தது. பிற்காலத்தில் அதுவும் அகலப் பாதையாயிற்று. அந்தக் குறும்பாதை நம் அளவில் ஏழரை மில்லிமீட்டர்தான். அதற்குப் பொருந்தும் தண்டவாளம் கிட்டாமையால், மெல்லிய கம்பியைக் கொண்டு ஒரு முழ நீளம் ஓடாத பாதையாக ஒட்டிவைத்தோம். பார்ப்பவர்கள் முதலில் அதையே தொட்டுப் பார்க்கிறார்கள்.

பிழையொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். தண்டவாளங்களுக்கிடையே இடைவெளி விடவேண்டும் என்பது நம் இலாகாவில் சிற்றாளும் அறிந்த செய்தி. நாம் மறந்தோம். ஐப்பசி மழையில் ஈரம் குடித்த பலகையின்மீது தண்டவாளங்களை முட்டமுட்ட ஒட்டினோம். பங்குனியில் பலகை காய்ந்து சுருங்கிற்று, இரும்பு சுருங்குமா? உரிகத்துக்கும் சாம்பியனுக்கும் நடுவே பாதை பாம்பாய் நெளிந்து, வண்டி கவிழ்ந்தது. உயிர்ச்சேதமில்லை. ஆயினும் நம் துணைவியார், “ஆபீசில் சொல்லிவிடாதீர்கள்” என்று சொன்ன தொனி இன்னும் காதில் நிற்கிறது.

சைனைட் மேடுகளின்றித் தங்கவயல் இல்லை. மைந்தன் அங்கிருந்தே ஒரு பை மண் அள்ளிவரக் கிளம்பினான், தடுத்துவிட்டோம். தங்கத்தைப் பிரிக்கச் சைனைடு கலந்து கழித்த தூள் அது; காற்றில் பறந்து ஊரார் நெஞ்சை அடைப்பதே போதும், வீட்டுக்குள்ளும் வேண்டா. ஆற்று மணலைச் சலித்துச் சாம்பல் கலந்து மேடு எழுப்பினோம். குழந்தைகளுள்ள இல்லத்தார் இதை மனத்திற் கொள்ளுக.

மெய்யான வழக்கு சாம்பியனில் எழுந்தது. அங்கே ஒரு ஷாஃப்ட் கோபுரத்தைத் துடைப்பக்குச்சியால் கட்டி, உச்சியில் சக்கரமாகக் குழந்தை வளையலைப் பொருத்தினோம். சக்கரம் சுழலவேண்டுமா, நிற்கவேண்டுமா? இன்றைய வயலைச் செய்வதாயின் நிற்கவேண்டும். சாம்பியன் சுரங்கத்தில் இறங்கி உழைத்த நம் தகப்பனார் அதுவரை ஒதுங்கியே இருந்தவர், அன்று எழுந்து வந்தார். “சக்கரம் நின்னா அது ஷாஃப்ட் இல்லைடா, வெறும் கம்பி” என்றார். பேரன், “அது சுத்தி நான் பார்த்ததே இல்லையே, தாத்தா” என்றான். இருவருக்கும் நடுவில் நின்ற நமக்கு நாவெழவில்லை. சங்கு ஊதக் கேட்டு வளர்ந்து, அது நின்ற நாளையும் சிறுவனாய்க் கண்டவர்கள் நாம்.

சக்கரத்துக்குத் தனி மோட்டாரும் தனி ஸ்விட்சும் வைத்தோம். அந்த ஸ்விட்ச் தகப்பனாருடையது.

ஹாம்பர்க் நகரில் 2001-இல் திறக்கப்பட்ட மாதிரி ரயில் உலகத்தில் தண்டவாளம் மட்டும் ஏறக்குறைய 16 கிலோமீட்டர் என்பர். நம் மெய்ப்பாதை முழுவதும் அவ்வளவே! நம் நாட்டில் புனே நகரத்துப் பௌசாகேப் ஜோஷி என்பார் வாழ்நாளெல்லாம் உழைத்துச் சிற்றுருவ ரயில் காட்சிசாலை அமைத்தார். 1998-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அவற்றின் முன் நம் பலகை தூசு. ஆயினும் சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. அதையும் நூற்றில் ஒன்றாகச் செய்வதாயின் மேசைக்கடியில் முப்பது மீட்டருக்குமேல் தோண்டவேண்டும். எங்கள் தெருக் கிணறுகூட அவ்வளவு ஆழமில்லை. இதைச் சொன்னதும் மைந்தன் நெடுநேரம் தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “அங்கே இருட்டா இருக்குமா, தாத்தா?” என்று மெல்லக் கேட்டான். அன்றிரவு அவர்கள் இருவரும் உண்ண வந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது.

இப்போது மாலைதோறும் வண்டி ஓடுகிறது. தகப்பனார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஸ்விட்சைப் போடுகிறார். சக்கரம் சுழல்கிறது, கூண்டு அடிமட்டம் சேரும் நேரத்தை மனத்துள் எண்ணுகிறார்போலும், பின்பு நிறுத்துகிறார். சற்றுப் பொறுத்து எதிர்த்திசையில் சுழற்றுகிறார். ஆட்கள் மேலே வந்தாயிற்று. பேரன் மாரிகுப்பத்தில் இயந்திரத்தைக் கழற்றி மறுமுனையில் மாட்டுகிறான். கோரமண்டல் நிலையத்துக்கு வெட்டிய அட்டை இன்னும் பெட்டிக்குள் கிடக்கிறது. தை பிறந்ததும் ஒட்டவேண்டும்.