வெள்ளைச் சேலைக்குப் பின்னால்

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் வாங்கோ! மட்டக்களப்புப் படுவான்கரைக் கிராமமொன்றில் இன்றிரவு கூத்து அரங்கேற்றம். நாம் நிற்பது ஒப்பனைக் கொட்டிலுக்குள். வாவிக் காற்றில் கிடுகு படபடக்கிறது. முத்துவெள்ளை பூசிய அருச்சுனன் பிளேன்டீ உறிஞ்சுகிறார். திரௌபதிக்கு மீசை வழிக்கிறார்கள். ஐயோ, எனக்கே கை கால் ஓடவில்லை!

திரௌபதி உயர்தரம் படிக்கிற பொடியன். முதல் கூத்து. பொட்டு வைக்கிற சாட்டில் அவன் கண்ணை எட்டிப் பார்த்தேன்: கண்மணி குண்டுமணி மாதிரி! பாதிக் காரணம் கொட்டிலின் மங்கல், மீதி அட்ரினலின். 2 மில்லிமீற்றருக்கு ஒடுங்குகிற கண்மணி 8 வரை விரியும். வெளிச்சம் கூடுதலாக உள்ளே போகும், கூர்மை கொஞ்சம் மழுங்கிவிடும். அதைவிட வேடிக்கை மூளைக்குள்ளே. பதற்றம் ஏற ஏறக் கவனம் நடுவில் குவியும், ஓரத்தில் இருப்பது நழுவிப்போகும். உளவியலாளர் ஈஸ்டர்புரூக் 1959இலேயே இதை எழுதிவிட்டார்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் கண்மணி விரிவது ஒன்றுபோலவா? 1960இல் சிக்காகோவில் ஹெஸ், போல்ற் என்ற இருவர் படங்களைக் காட்டிக் கண்மணியை அளந்தார்கள். குழந்தைப் படத்துக்குப் பெண்களின் கண்மணி விரிந்ததாம், பெண்ணின் படத்துக்கு ஆண்களுடையது. அளந்தது எத்தனை பேரை? 4 ஆண், 2 பெண்! தாளம் தட்டுகிற எங்கள் சல்லரிக்காரரின் குடும்பம் இதைவிடப் பெரிசு.

2010இல் தெற்குக் கலிபோர்னியாவில் மாரா மாதரின் குழு, பதற்றம் ஏற்றுவதற்காக ஆட்களின் கையை ஐஸ்தண்ணிக்குள் வைக்கச் சொல்லிக் கோப முகங்களைக் காட்டியது. முகம் அறிகிற மூளைப் பகுதி ஆண்களுக்கு மந்தமானது, பெண்களுக்கு விறுவிறுத்தது. ஒரேயொரு ஆய்வுதான், இதை வைத்து வீட்டில் சண்டை பிடிக்காதீர்கள்.

கவனிக்க வேண்டியது எங்கள் வட்டக்களரியை. நாலு பக்கமும் சனம்! ஓரம் நழுவிய கண்ணுக்கு இதைவிடக் கொடுமை உண்டா? ஆனால் நடுவில், கூத்துப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்கிறார். ஆட்டக்காரர் அவரைச் சுற்றித்தான் ஆடுவார்கள். கண் கைவிட்டாலும் தாளக்கட்டைக் காது பிடித்துக்கொள்ளும். மாதக்கணக்காகப் பழக்கி ஆட்டத்தைக் காலில் ஏற்றிவிடுவது இதற்காகவும்தானோ? இது என் ஊகம்.

இருவர் வெள்ளைச் சேலை பிடிக்கிறார்கள். பொடியனின் சதங்கை தானாகவே நடுங்கிச் சிணுங்குகிறது. அண்ணாவியார் குனிந்து சொல்கிறார்: “சனத்தப் பாக்காத மனே. மத்தளத்தக் கேட்டுக் கிறுகு.”

சேலை விலகியது. ஆடினான் பாருங்கள்! சல்லரி தெறிக்க, கிழவிமாரெல்லாம் எழும்பிவிட்டார்கள். நான் கிடுகைப் பிய்த்துக்கொண்டு பார்த்தேன், பிறகு திட்டு வாங்கினேன்.

வியர்வையில் வெள்ளை வழிய ஓடிவந்து வாளித் தண்ணியை அப்படியே குடித்தான்.

“அம்மா முன்னுக்குத்தானே இருந்தவ, கண்டியா?”

“அம்மா வந்தவவா?”