உங்களுக்குத் தெரியுமா? அடையாற்று உப்பங்கழியில் ஒரு பூங்கா

சென்னையில் அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு வடக்கே பிரிந்து செல்லும் உப்பங்கழி, அதாவது கடலின் ஏற்றவற்றத்துக்கேற்ப உவர்நீர் ஏறி இறங்கும் ஓடை, கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டப்பட்டு நெடுங்காலம் தூர்ந்து கிடந்தது. இராஜா அண்ணாமலைபுரத்தை ஒட்டிய அதன் 58 ஏக்கர் பகுதி, கழிவு அகற்றப்பட்டு நீர்ப்பரப்பு அகழப்பட்டபின், 2011ஆம் ஆண்டு தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. உவர்சேற்றில் வேரூன்றி மண்ணரிப்பைத் தடுப்பதோடு மீன்குஞ்சுகளுக்குப் புகலிடமும் தரும் அலையாத்தி மரங்கள் கரையோரங்களில் நடப்பட்டன. அலங்காரப் பூங்காவாக அன்றிச் சூழலியல் கல்விக்கான இடமாகவே இது கருதப்பட்டதால், மாணவர்கள் நீர்ப்பறவைகளை அவற்றுக்கு இடையூறின்றி நோக்குவதற்கு ஏற்ப நடைபாதைகள் அமைக்கப்பட்டன. சுற்றிலும் எம்.ஆர்.சி. நகரின் அடுக்குமாடிகள் உயர்ந்துவிட்ட நிலையில், மீட்கப்பட்ட பரப்பு சிறிதே எனலாம். எனினும் ஆற்றின் தென்கரையில் பிரம்மஞான சபையின் பழந்தோட்டம் இருப்பதால், பறவைகளுக்கு இரு கரையிலும் தங்குமிடம் வாய்த்துள்ளது.